உதட்டைக் குவித்துச் சொல்ல வேண்டிய சொல்

ஜூன் 5

மோட்டார் சுவிட்சுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. ஆன் செய்தால் ஓடுகிறது, தானாக நிற்கிறது, அப்புறம் நினைத்துக்கொண்டதுபோல மறுபடி ஓடுகிறது. தொட்டி நிரம்பி வழிந்து மாடிப்படியெல்லாம் தண்ணீர். எலெக்ட்ரீஷியன் காலையிலிருந்து 'இந்தா வந்துட்டேங்க்கா' என்று போனிலேயே வந்துகொண்டிருக்கிறான்.

இதை மட்டும்தான் இன்றைக்கு எழுதுவதாக இருந்தேன். மகள் சுகிர்தாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதிலிருந்து, வேலை எதுவும் விட்டுப்போகக் கூடாதென்று தினமும் எழுதி வருகிறேன். இன்றைக்கு வேறு ஒன்று வந்துவிட்டது.

சாயங்காலம் மாடியில் இவருக்கு வகுப்பு. மோகன் ஸ்போக்கன் இங்கிலீஷ் என்றால் சாத்தூரில் தெரியாதவர்கள் கிடையாது. நான் கீழே கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். படிக்க வருகிற நர்ஸ் பெண் ஒருத்தி மூச்சிரைக்க இறங்கி வந்து, "அக்கா, சார் ஒரு மாதிரி பேசுறாங்க, வந்து பாருங்க" என்றாள்.

போய்ப் பார்த்தால், சாக்பீஸைப் பிடித்தபடி நிற்கிறார். என்னைப் பார்த்து என்னவோ சொல்கிறார். அது தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. உலை கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம். தான் சொல்வது யாருக்கும் புரியவில்லை என்று அவருக்கே தெரிகிறது. கண்ணில் அப்படி ஒரு பயம்.

பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பால்ச்சாமி ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தார். ஆட்டோ கிளம்புவதற்குள் பேச்சு திரும்பிவிட்டது. திரும்பியதும் சொன்ன முதல் வார்த்தை, "அடுப்ப அணைச்சியா?"

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர். வாயில் மாஸ்க். சரசரவென்று இங்கிலீஷில் பேசினார். இவரும் அதற்கென்றே காத்திருந்தவர் மாதிரி இங்கிலீஷிலேயே பதில் சொன்னார். மாத்திரை எழுதிக் கொடுத்து, இந்த வாரத்துக்குள் மதுரைக்குப் போய்க் கழுத்து ரத்தக்குழாயை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். நடுவில் 'ஆன் ஆஃப்' என்று ஒரு வார்த்தை என் காதில் தெளிவாக விழுந்தது. காலையிலிருந்து மோட்டாரோடு மல்லுக்கட்டியவளுக்கு அது கேட்காமல் போகுமா?

திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டேன். "இது விட்டு விட்டு வருமாங்க?"

"யாரு சொன்னா?"

"டாக்டர்தான். ஆன் ஆஃப்னு சொன்னாரே."

இவர் சிரித்தார். சற்று முன்பு பேச்சு இழந்து நின்ற மனுஷன் இப்படிச் சிரிக்கிறாரே என்று எனக்கு அழுகை முட்டியது.

"ஆன் ஆஃப் இல்ல புஷ்பம். வன்-ஆஃப். ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போறது. இனிமே வராதுன்னு அர்த்தம். 'வ'ல ஆரம்பிக்கணும். எங்க, உதட்டைக் குவி பாப்போம்."

"ஆட்டோவுல உக்காந்து என்னத்தக் குவிக்க? டிரைவர் கண்ணாடியில பாக்குறாரு."

இனிமேல் வராதாம். மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட வேண்டும்.

ஜூன் 6

மாடிப்படிக்குக் கீழே, பஸ் ஸ்டாப்பைப் பார்த்தபடி ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறார். தினமும் ஒரு இங்கிலீஷ் சொல், அர்த்தம், உதாரண வாக்கியம். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வாசித்துக்கொண்டு நிற்பார்கள். இன்றைக்கு என்ன சொல் என்று யாராவது சொல்ல வேண்டுமா?

வன்-ஆஃப். ஒரே ஒரு முறை மட்டும் நிகழ்வது. திரும்ப நடக்காதது. கீழே உதாரணம்: 'கவலை வேண்டாம், அது ஒரு வன்-ஆஃப்.'

வகுப்பில் வெகுநேரம் இதையே நடத்தினார். கீழே எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. நேற்றுப் பயந்து ஓடிய பிள்ளைகள்தான் இன்றும் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இவர் பேசிக் காட்ட வேண்டியிருந்தது.

நர்ஸ் பெண் கேட்டாள். "அத்தி பூத்தாப்லன்னு சொல்றோமே, அதுதானா சார்?"

"இல்லம்மா. அத்தி பூத்தாப்லன்னா எப்பவோ ஒரு தடவை நடக்கும், ஆனா மறுபடியும் நடக்கும். சென்னையில இருக்குற பையன் அத்தி பூத்தாப்ல ஊருக்கு வாறான்னு சொல்லலாம். அவன் அடுத்த தீபாவளிக்கும் வருவான். வன்-ஆஃப் அப்படி இல்ல. வந்துச்சு, போச்சு, அம்புட்டுதான். கம்பெனியில ஒரு தடவை மட்டும் குடுக்குற போனஸ், ஒரு நாள் மட்டும் நடத்துற ஸ்பெஷல் கிளாஸ், எல்லாத்துக்கும் முன்னாடி இதைப் போடலாம். ஆளுக்கும் போடலாம். அவரை மாதிரி இன்னொருத்தர் கிடையாதுன்னா, அவரே ஒரு வன்-ஆஃப்."

சாப்பிடும்போது கேட்டேன். "அப்போ நம்ம கல்யாணம் வன்-ஆஃப்பா?"

"நீ மனசு வச்சா."

முப்பது வருஷமாக இந்த வாயை வைத்துக்கொண்டுதான் குடித்தனம் நடத்துகிறேன்.

ஜூன் 8

எலெக்ட்ரீஷியன் வந்து சுவிட்சை மாற்றினான்.

கோவில்பட்டியிலிருந்து சம்பந்தியம்மா ஜெயக்கொடி பேசினார்கள். முகூர்த்தப் பட்டு எடுக்கப் பத்தாம் தேதி மதுரைக்குப் போகலாமாம். வேன் ஏற்பாடு செய்துவிட்டார்களாம். அந்தத் தேதியில்தான் ஸ்கேனுக்கு எழுதி வைத்திருந்தது.

நிச்சயதார்த்தத்தன்று இந்த அம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னது என் நெஞ்சிலேயே கிடக்கிறது. "விருதுநகர்ல ஒரு இடம் பாத்தோம் மதினி. பொண்ணோட அப்பாவுக்குப் பக்கவாதம்னாங்க. சரி, வேண்டாம்னு விட்டுட்டோம்." சொல்லிவிட்டு அதிரசத்தை எடுத்துக் கடித்தார்கள்.

கல்யாணம் ஆகஸ்ட் முப்பது. இன்னும் பத்திரிகை அடிக்கவில்லை.

இவர் ஸ்கேன் சென்டருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கல்யாணம் முடிந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 10

மதுரை. அரக்குப் பட்டு, பச்சைக் கரை. சுகிர்தா சென்னையிலிருந்து வீடியோவில் பார்த்து, 'அம்மா, நீ எது சொன்னாலும் சரி' என்றாள். என் பிள்ளை இப்படிச் சொன்னால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். இருந்தாலும் எடுத்துவிட்டோம். சம்பந்தியம்மாவுக்குப் பிடித்திருந்தது.

வேன் ஸ்கேன் சென்டர் இருக்கும் தெரு வழியாகத்தான் போனது. இவர் போர்டைப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்து, "புஷ்பம், இன்னைக்குத்தானே எனக்கு?" என்று கேட்டார்.

"அதான் மாத்தியாச்சே" என்றேன். சம்பந்தியம்மா முன் சீட்டில் இருந்தார்கள்.

"மாத்தியாச்சா?"

"மறுபடி வராததுக்கு எதுக்குங்க ஸ்கேனு? வன்-ஆஃப்னு சொன்னது நீங்கதானே?"

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் சரி என்று தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இப்போதெல்லாம் இவருக்கு மறதி அதிகம்.

ஜூன் 21

பத்திரிகைக்குப் பெயர் வரிசை. என் பெயரை ராஜபுஷ்பம் என்று முழுதாகப் போட வேண்டும் என்றேன், போட்டார். அவர் பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டார். சந்திரமோகனுக்கு 'தி' இல்லை. நான்தான் பார்த்துச் சொன்னேன்.

காலையில் காபி தம்ளரைக் கீழே போட்டார். தூக்கக் கலக்கம்.

ஜூலை 2

பலகையில் எழுதும்போது வரி கீழே சரிந்துகொண்டே போகிறது. பால்ச்சாமி வேண்டுமென்றே தலையைச் சாய்த்து வாசித்துவிட்டு, "அண்ணே, பலகை கோணலா, நான் கோணலா?" என்றார். இவரும் சிரித்தார்.

சாப்பிடும்போது உப்பு வேண்டும் என்பதற்கு "அந்த... அந்த... சாவியை எடு" என்றார். நான் உப்பை எடுத்து வைத்தேன். கை கழுவிவிட்டு வந்து அவராகவே, "இதுவும் வன்-ஆஃப்தான்" என்றார்.

"ரெண்டாவது தடவை வந்தா அதுக்கு என்னங்க பேரு?"

"டூ-ஆஃப்" என்றார்.

நான் சிரித்து முடிக்கவே ரொம்ப நேரம் ஆயிற்று. சிரித்துத் தொலைத்தேனே.

மாத்திரையை ஒரு வாரமாகப் போடவில்லையாம். வயிறு எரிகிறதாம். மோரைக் குடித்துவிட்டுப் போடுங்கள் என்றேன். போட்டாரா என்று பார்க்கவில்லை. இன்றைக்குச் சமையல்காரர் வந்திருந்தார், பந்திக்கு என்னென்ன என்று பேசவே பொழுது போய்விட்டது.

ஜூலை 9

பத்திரிகை வந்துவிட்டது. 'தி' இருக்கிறது.

ஜூலை 19

மதுரை ஆஸ்பத்திரி வராந்தா. இந்த இரண்டு நாளும் எழுதவில்லை. டைரி எப்படிப் பையில் வந்தது என்றே தெரியவில்லை. சேலை இரண்டை அள்ளிப் போடும்போது சேர்ந்து வந்திருக்கும்.

பதினேழாம் தேதி காலையில் பல் தேய்க்கப் போனவர் வெகுநேரமாக வரவில்லை. போய்ப் பார்த்தால் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருக்கிறார். வலது பக்கம் முழுக்கத் துவண்டு கிடக்கிறது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. "ஏங்க, ஏங்க" என்கிறேன். என்னைப் பார்க்கிறார். ஒரு சத்தம் இல்லை. உலை கொதிக்கிற சத்தம்கூட இல்லை.

இந்த டாக்டர் வயசானவர். தமிழிலேயே பேசினார்.

"இதுக்கு முன்னாடி பேச்சு தடுமாறுச்சா, கை மரத்துப்போச்சா, ஏதாவது இருந்துச்சாம்மா?"

சொன்னேன். ஜூன் ஐந்தை மட்டும்.

"அப்போ ஸ்கேன் எடுக்கச் சொல்லலையா?"

"சொன்னாங்க. ஆனா அது வன்-ஆஃப், மறுபடி வராதுன்னாங்க."

டாக்டர் பழைய சீட்டை வாங்கிப் பார்த்தார். "எந்த டாக்டரும் இதுல அப்படிச் சொல்ல மாட்டாங்கம்மா. இது முன்னெச்சரிக்கை. ஆன் அண்ட் ஆஃப் வரும், கவனமா இருங்கன்னு சொல்லிருப்பாங்க. கழுத்துல அடைப்பு இருக்கு. அன்னைக்கே பாத்திருந்தா..." அதோடு நிறுத்திக்கொண்டார். அவராவது முழுதாகச் சொல்லித் திட்டியிருக்கலாம்.

எனக்கு அன்றைக்குச் சரியாகக் கேட்கவில்லை. அந்த அறையில் மின்விசிறி பெரிய சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் வேறு மாஸ்க் போட்டிருந்தார். இங்கிலீஷ் தெரிந்த மனுஷர் ஒரு அர்த்தம் சொன்னால் நான் என்ன செய்ய முடியும்?

ஜூலை 24

சம்பந்தியம்மா வந்தார்கள். வாசலில் பார்த்ததும், கல்யாணம் வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

இவர் கையைப் பிடித்துத் தடவிக்கொடுத்தார்கள். வெளியே வந்து வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"எப்பவாச்சும் முன்னக்கூட்டி ஏதாவது காட்டுச்சா மதினி?"

"கொஞ்சமா."

"எங்கட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல? பட்டு எடுக்க வந்த அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருப்பமே."

"விருதுநகர் இடத்தை விட்டுட்டோம்னு சொன்னீங்களே" என்றேன். என்னையும் மீறி வந்துவிட்டது.

அந்த அம்மா முழித்தார்கள். "அது அவங்க தோசம் இருக்குற ஜாதகத்தை மறச்சுட்டாங்க மதினி. அதுக்காக விட்டோம். வாதம்னு வாய்ல வந்ததைச் சொல்லிருப்பேன். வாதத்துக்கா ஒருத்தர் பொண்ண வேண்டாம்பாங்க? என் மாமனாரே ஆறு வருசம் கெடந்தாரு, நான்தானே பாத்தேன்."

நான் முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டேன். அவர்கள் குளிர் என்று நினைத்துத் தன் சால்வையை எடுத்துப் போர்த்திவிட்டார்கள்.

கல்யாணம் குறித்த தேதியிலேயே நடக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆகஸ்ட் 3

பேசிவிட்டார்!

காலையில் இட்லியைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். வாயை இப்படி அப்படி அசைத்து, கழுத்து நரம்பு புடைக்க, "ஆன் ஆஃப்" என்றார்.

கிண்ணம் கையிலிருந்து நழுவிவிட்டது. நர்ஸைக் கூப்பிட்டேன், சென்னையிலிருந்து வந்திருந்த சுகிர்தாவைக் கூப்பிட்டேன், வராந்தாவில் போன யார் யாரையோ கூப்பிட்டேன். எல்லோரும் வந்து சுற்றி நின்றதும் மறுபடி சொன்னார். "ஆன் ஆஃப்."

"ஃபேனைச் சொல்றாருபோல" என்று நர்ஸ் போய் ஃபேனை நிறுத்தினாள். இவர் தலையை வேகமாக ஆட்டினார். "ஆன் ஆஃப். ஆன் ஆஃப்." திரும்பப் போட்டாள். அதற்கும் தலையை ஆட்டினார்.

எனக்கு மட்டும் தெரிந்தது. உதடு வலது பக்கம் குவியவில்லை. 'வ' வரவில்லை.

ஆகஸ்ட் 11

வீட்டுக்கு வந்துவிட்டோம். தண்ணீர் வேண்டுமென்றாலும் ஆன் ஆஃப். பசி என்றாலும் ஆன் ஆஃப். என்னைக் கூப்பிடுவதற்கும் அதுதான். தமிழில் அம்மா, அப்பா கூட வரவில்லை. டாக்டர் சொன்னார், சில பேருக்கு எல்லா வார்த்தையும் போய் ஒரே ஒரு வார்த்தை மட்டும் தங்கிவிடுமாம். எது தங்கும் என்று யாராலும் சொல்ல முடியாதாம்.

இருக்கிற ஆயிரம் வார்த்தையில் இதுவா தங்க வேண்டும்? அந்தக் கடவுளுக்குக் கண்ணில்லையா?

ஆகஸ்ட் 30

கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

சக்கர நாற்காலியில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். தாரை வார்க்கும்போது அவருடைய வலது கையை நான் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். பழைய மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். 'சார், ஞாபகம் இருக்கா?' என்று ஒவ்வொருவராக இங்கிலீஷில் கேட்டார்கள், அவருக்குப் பெருமையாக இருக்கட்டும் என்று. எல்லோருக்கும் ஒரே பதில். அது என்ன என்று தெரியாமலே சிரித்துக்கொண்டு போனார்கள்.

சாம்பாரில் உப்பு தூக்கல். சமையல்காரரைப் பிடி பிடி என்று பிடித்துவிட்டேன். அவர் பயந்துபோய், "அக்கா, எல்லாரும் நல்லாருக்குன்னுதானே சொன்னாங்க" என்றார்.

செப்டம்பர் 12

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டுக்கு வருகிறாள். பெயர் இவாஞ்சலின். கண்ணாடியை முன்னால் வைத்து, அவரிடம் வாயைத் திற, நாக்கை நீட்டு, காற்றை ஊது என்கிறாள். நான் பக்கத்தில் இருந்து செய்துகாட்ட வேண்டுமாம்.

"ஆன்ட்டி, சார்கிட்ட உதட்டைக் குவிக்கச் சொல்லுங்க. 'வ' சொல்லணும். வா, வாங்க, வண்டி, வாழை. நீங்க சொன்னாத்தான் கேக்குறாங்க."

கண்ணாடியில் எங்கள் இரண்டு பேர் முகமும் தெரிந்தது. "உதட்டைக் குவிங்க, பாப்போம்" என்றேன். சொன்ன பிறகுதான் ஆட்டோ ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்கும். கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் எழுந்து, பால் பொங்குகிறது என்று அடுப்படிக்குப் போய்விட்டேன். அடுப்பில் எதுவும் இல்லை.

அக்டோபர் 8

சுகிர்தாவும் மாப்பிள்ளையும் வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டுமென்று மதுரைக்கு இவளே போன் செய்தாள். பேசிவிட்டு வந்தவள் முகம் சரியில்லை.

"ஏம்மா, ஜூன்லயே அப்பா பேர்ல புக் பண்ணி கேன்சல் பண்ணிருக்காமே?"

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஒரு லேடி பேசுனாங்கன்னு எழுதி வச்சிருக்காங்களாம். கேக்குறேன்ல, சொல்லும்மா."

யார் பேசினால் என்ன? போனில் எல்லா இடத்திலும் தப்புத் தப்பாகத்தான் எழுதி வைப்பார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் நாற்காலியிலிருந்து சத்தம் வந்தது. "ஆன் ஆஃப்! ஆன் ஆஃப்!" இடது கையால் நெஞ்சில் அடித்துக்கொண்டார். தட்டவில்லை, அடித்துக்கொண்டார்.

சுகிர்தா அவர் பக்கம் ஓடினாள். "என்னப்பா? நீங்களா? நீங்க சொல்லித்தான் அம்மா பேசுனாங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினார். மறுபடி நெஞ்சைக் காட்டினார்.

"ஏம்ப்பா இப்படிப் பண்ணுனீங்க? எனக்காகவா? ஒரு கல்யாணத்தைத் தள்ளி வச்சா என்னப்பா? எனக்கு நீங்க பேசுறதுதானே முக்கியம்?" அவர் மடியில் முகத்தை வைத்து அழுதாள். பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே அவர் என்னைப் பார்த்தார். பேசாதே என்று பார்த்தார்.

நான் பேசவில்லை.

அக்டோபர் 9

இன்று மிளகு ரசம். இரண்டு தடவை வாங்கிக் குடித்தார்.

அக்டோபர் 23

ஆயுத பூஜை. மாடி வகுப்பறையைக் கூட்டிக் கழுவினேன். பெஞ்சுகளுக்குச் சந்தனம் வைத்தேன். சாக்பீஸ் டப்பாவுக்கும் ஒரு பொட்டு. மேலே இருந்து எட்டிப் பார்த்தால் அவர் கீழே வாசலில் உட்கார்ந்து படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏறி வர முடியாது. இறங்கிப் போக எனக்குத் தைரியம் இல்லாமல் மேலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 14

பால்ச்சாமி வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "மதினி, தப்பா நினைச்சுக்காதீங்க. பஸ் ஸ்டாப்புல நிக்கிற சனம் கேக்குது, போர்டுல புதுசா ஒண்ணும் வராதான்னு. பழசே கெடக்குல்ல."

போய்ப் பார்த்தேன். ஜூலை பதினாறாம் தேதி எழுதியது. இருப்பதை வைத்துச் சமாளிப்பது என்று ஏதோ ஒரு சொல்லுக்கு அர்த்தம். வரி ஒரேயடியாகச் சரிந்து பலகையின் மூலைக்குப் போயிருக்கிறது. அதை அன்றைக்கே நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு உள்ளே போய் இட்லிக்கு மாவு ஆட்டினேன்.

அவரை நாற்காலியோடு தள்ளிக்கொண்டு போய்ப் பலகை முன்னால் நிறுத்தினேன். ஈரத்துணியால் துடைத்தேன். இடது கையில் சாக்பீஸைக் கொடுத்தேன்.

"எழுதுங்க. என்ன வருதோ எழுதுங்க. பஸ்ஸுக்கு நிக்கிறவங்க வாசிச்சுக்கிடட்டும்."

ஒரு கோடு போட்டார். கோணலாக. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கித் தாடையில் நின்றது. முந்தானையால் துடைத்துவிட்டேன். மதிய நேரம், பஸ் ஸ்டாப்பில் ஒருவரும் இல்லை. பால்ச்சாமி சாப்பிடப் போயிருந்தார்.

அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். ஒரு மாதத்துக்கு மேலாகத் தொண்டையில் நிற்கிறது.

"ஏங்க, அந்த மதுரைக்குப் போன் பண்ணுனது..."

சாக்பீஸ் பிடித்த கையாலேயே என் வாயைப் பொத்தினார். கையை எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். "டாக்டர் சொன்னது எனக்கு அன்னைக்கே..." மறுபடி பொத்தினார். இந்தத் தடவை எடுக்கவில்லை.

அவர் முகம் வேலை செய்ய ஆரம்பித்தது. இவாஞ்சலின் கண்ணாடி முன்னால் எத்தனையோ நாள் சொல்லியும் வராதது. இடது பக்கம் முதலில் குவிந்தது. வலது பக்கம் வராமல் நடுங்கியது. நெற்றியில் வியர்வை. நான் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தது.

"வ" என்றார்.

என் வாயிலிருந்து கையை எடுத்துக் கன்னத்தில் வைத்தார்.

"வன். ஆஃப்."

சொல்லிவிட்டு, நான் அர்த்தம் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார். வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு இப்படித்தான் காத்திருப்பார்.

"ஒரே ஒரு தடவை" என்றேன். "இனிமே நடக்காது."

சரி என்று தலையாட்டினார்.